மூணு நாள்ல இலங்கை

மூணே நாள்ல இலங்கைத் தீவை முழுசாப் பாத்து முடிச்சுடறதுன்னு தீர்மானம் பண்ணினேன். ராமரு அங்க போய் வர்றதுக்கு எவ்ளோ நாளாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அவருக்குப் பாலம் கட்ற வேலை வேற இருந்துது. எனக்கு ரயிலும் கப்பலும் தயாரா இருந்துது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவரு பொண்டாட்டியைக் கூட்டியாரப் போனாரு. நான் பொண்டாட்டியை உட்டுட்டுப் போனேன். தப்பு அங்கதான் ஆரம்பம்.

நான் துரைக்கண்ணு. பெரிய காஞ்சிபுரத்துல ஒரு பட்டுக் கடையில வேலை. தறிக்காரங்க நெய்து எடுத்தார்ற பொடவையை விரிச்சு, வெளிச்சத்துல புடிச்சு, எங்க இழை அறுந்திருக்குது, எங்க சாயம் திட்டு உழுந்திருக்குதுன்னு பாத்துச் சொல்றது என் தொழில். பதினெட்டு வருசமா அடுத்தவன் தப்பைப் பாத்தே கண்ணு பூத்துப் போச்சு. ஒரு ஊரு, ஒரு மலை பாக்கலை. எங்க தெருவுல காசிக்குப் போனவன் இருக்கான். ரங்கூனுக்குப் போனவன் இருக்கான். அவங்க பேச ஆரம்பிச்சா நான் வாயப் பொளந்துக்கினு கேக்கணும். ஒரு நாளாச்சும் நான் பேச, அவங்க வாயப் பொளக்கணும். அதான் என் ஆசை.

நான் போன பெரிய ஊரு மெட்ராஸ். அதுவும் என் சம்சாரம் பூவம்மாளோட. சமுத்திரத்தைப் பாக்கத்தான் போனோம். வழியில ஒரு பாத்திரக் கடை. காலையில எட்டு மணிக்கு ஒரு பித்தளைச் சொம்பு வெலை கேட்டா. கடைக்காரன் ஒண்ணு சொன்னான். இவ ஒண்ணு சொன்னா. சாயங்காலம் ரயிலுக்கு நேரமாயிடுச்சு. சொம்பு வந்துது. சமுத்திரம் வரலை.

இலங்கை சின்னத் தீவு. இவ ஒரு கடைவீதியில நின்னா தீவே முடிஞ்சுது. மொதலாளி குடுத்த லீவு எட்டு நாள். போக வர அஞ்சு நாள் கழிச்சா மிச்சம் மூணு. அதுல சொம்புக்கு எடமில்லை.

கருடசேவைக்கு ஒரு மாசம் முந்தி பேச்சை எடுத்தேன்.

"பூவு, நீ உங்க அம்மா ஊட்டுக்குப் போயி எவ்ளோ நாளாச்சு?"

அரிசி பொடைச்சுக்கினு இருந்தவ மொறத்தைக் கீழ வெச்சா.

"இன்னாங்க, ஒடம்பு சரியில்லியா?"

"எனக்கு இன்னா? கல்லு மாதிரி இருக்கறேன். ஆரணிக்குப் போயி ஒரு மாசம் இருந்துட்டு வாயேன்."

"ஒரு மாசமா! எங்க அண்ணன் பொண்ணுக்குக் காது குத்தறப்போ ரெண்டு நாள் கேட்டேன். சோத்துக்கு இன்னா பண்றதுன்னு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினீங்களே."

"அது போன வருசம். மனுசன் திருந்தக் கூடாதா?"

"கருடசேவை வருதே. பெருமாளைப் பாக்காம போறதா?"

"அந்தக் கூட்டத்துல நீ நசுங்கணுமா? பெருமாள் எங்க போயிடப் போறாரு? அடுத்த வருசமும் இங்கதான் இருப்பாரு."

"நீங்க இருப்பீங்களா?"

"நான் எங்க போவப் போறேன்?" கொரலு கொஞ்சம் கம்மிடுச்சு.

நான் பொடவையைப் பாக்கற மாதிரியே என்னைத் தலைப்புலேருந்து அடி வரைக்கும் பாத்தா. மறுநாளே பொட்டியக் கட்டிட்டா. சந்தோசத்துல மாமியாருக்குன்னு கோயில் இட்லி நாலு கட்டி வாங்கிக் குடுத்து அனுப்பினேன். கல்யாணமாகி பன்னெண்டு வருசத்துல மாமியாருக்கு நான் வாங்கின மொதல் பலகாரம் அதுதான். அந்த இட்லிதான் என்னைக் காட்டிக் குடுத்துதுன்னு அப்புறம் தெரிஞ்சுது.

ஊடு காலி. ஏற்பாட்டை ஆரம்பிச்சேன். இலங்கையில நுவரெலியான்னு ஒரு மலை ஊரு, பல்லு கிட்டிப் போற குளிருன்னு சொன்னாங்க. தையக்காரன் கிட்ட ஒரு கம்பளிக் கோட்டு தெச்சேன். அக்கினி நட்சத்திரம். அளவெடுக்கறப்போ அவன் என் நெத்தியைத் தொட்டுப் பாத்தான். கப்பலு ஆடும், கொமட்டும்னு ஒருத்தன் சொன்னான். பழக்கமாவட்டும்னு கொல்லைப்புற முருங்கை மரத்துல கயிறு கட்டி, எலுமிச்சம்பழத்தை மோந்துக்கினு தெனம் அரை மணி ஊஞ்சல் ஆடினேன். முருங்கை மரம் கப்பலை உட மோசம். மூணாவது நாள் கெளையோட உழுந்தேன்.

மதிலுக்கு மேல ஒரு தலை தெரிஞ்சுது. பக்கத்து ஊட்டு தேவகி.

"இன்னா அண்ணே, பூவு இல்லாத ஏக்கமா?"

"காத்து வாங்கறேன்மா."

"கம்பளிக் கோட்டு போட்டுக்கினா?"

"ஜொரம் வர்ற மாதிரி இருந்துது."

"கோட்டு ஜேபியில இன்னா காகிதம் தொங்குது?"

"கஷாயத்துக்கு மருந்துச் சீட்டு."

அது மருந்துச் சீட்டு இல்லை. பத்து நாள் ஒக்காந்து நான் எழுதின திட்டம். மொத நாள் காலையில அஞ்சு மணிக்குக் கொழும்பு துறைமுகம். ஆறரைக்குக் கடற்கரை. எட்டு மணிக்கு ரயிலு. ரெண்டு மணிக்குக் கண்டி. யானை குளிக்கறது இருபது நிமிசம். ஏரி பத்து நிமிசம். இப்படி மூணு நாளைக்கும். சாப்பாடுன்னு எங்கயும் எழுதலை. தூக்கத்தை ரயில்ல போட்டிருந்தேன்.

கருடசேவை முடிஞ்சுது. பெருமாளைக் கண்ணாரப் பாத்து, வழித்துணைக்கு வான்னு கும்புட்டுட்டு, நாலாம் நாள் செங்கல்பட்டுல, தனுஷ்கோடிக் கப்பலுக்கு ஆளைக் கொண்டு போற கப்பல் மெயில் ரயிலைப் புடிச்சேன். மனசு பறந்துது.

மறுநாள் காலையில மானாமதுரை. மூஞ்சி கழுவ எறங்கினேன். பொம்பளைங்க வண்டிக்கிட்ட ஒரு பூக்காரன் தலையில கை வெச்சுக்கினு நின்னான்.

"இது மொழமா? உன் கை என் மொழங்கைக்குக் கூட வராது. நல்லா நீட்டி அள!"

அந்தக் கொரலு எனக்குத் தெரியும். பன்னெண்டு வருசமாத் தெரியும். எலும்புக்குள்ள குளிரு ஓடுச்சு. கம்பளிக் கோட்டு கையிலதான் இருந்துது, பிரயோசனமில்லை.

ஜன்னல்ல பூவம்மாள். பக்கத்துல பிளாட்பாரத்துல அவ அண்ணன் அப்பாதுரை. ஆரணிப் பட்டை மூட்டை கட்டிக்கினு வருசத்துக்கு ரெண்டு தரம் கொழும்புக்குப் போய் வர்ற ஆளு.

"வாங்க மாப்ளே," ன்னாரு. "என் கிட்ட ஒரு வார்த்தை வெசாரிக்காம கெளம்பிட்டீங்களே."

பூவம்மாள் பூவைத் தலையில வெச்சுக்கினே கேட்டா. "காத்து வாங்கவா வந்தீங்க?"

"நீ... நீ எப்படி?"

"எங்க அம்மாவுக்கு நீங்க இட்லி வாங்கினப்பவே சந்தேகம். அப்புறம் தேவகி கார்டு போட்டா. கம்பளிக் கோட்டு, ஊஞ்சலு, எலுமிச்சம்பழம், பத்து நாளா நீங்க ஒக்காந்து எழுதின மருந்துச் சீட்டு. எங்க அண்ணன் படிச்சுட்டு ஒரே வார்த்தை சொன்னாரு, கொழும்புன்னு. விழுப்புரத்துல வந்து ஏறிக்கினோம்."

திட்டத்துல இது இல்லை. ஆனா அவ கோவப்படலை. அதான் எனக்கு பயமா இருந்துது.

மண்டபம் ஸ்டேஷன்ல மூணாங் கிளாஸ்காரங்க எல்லாரையும் எறக்கி வரிசையில நிறுத்தினாங்க. தீவுக்கு நோயைக் கொண்டு போவக் கூடாதுன்னு டாக்டரு பாத்து உடுவாரு. பொடவையை விரிச்சுப் பாக்கற மாதிரி என்னை விரிச்சுப் பாத்தாரு. நாக்கு, கண்ணு, அக்குளு. ஒரு இழை தப்பில்லை. நெஞ்சை நிமித்திக்கினு குமாஸ்தா கிட்ட போனேன்.

"எந்த ஊரு?"

"காஞ்சிபுரம்."

"பத்து நாளுக்குள்ள அங்க திருவிழா, கூட்டம், எதுனா உண்டா?"

எங்க ஊரைப் பாத்து இந்தக் கேள்வியா?

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க! கருடசேவை நடந்து நாலு நாளாச்சு. ஜனம்னா ஜனம், அம்பதாயிரம்!"

"அம்பதாயிரமா?" குமாஸ்தா பேனாவை எடுத்தாரு.

அவரு நம்பலைன்னு நெனச்சுக்கினேன். "கொறைச்சு சொன்னேன் சார். லட்சம் வெச்சுக்குங்க. வெளியூரு ஜனம் தெருவுலயே படுத்துக் கெடந்துது."

"நீங்க கூட்டத்துக்குள்ள போனீங்களா?"

"நட்ட நடுவுல! தண்ணிப் பந்தல்ல ஒரே குவளையில நாலாயிரம் பேரு குடிச்சோம் சார். அவ்ளோ பக்தி!"

மச்சான் பின்னால என் சட்டையை இழுத்தாரு. கையத் தட்டி உட்டேன். டாக்டரு தலையத் தூக்கினாரு.

"அஞ்சு நாள்."

"பத்து நாளு சார் எங்க ஊரு உற்சவம்."

"உற்சவம் இல்லைய்யா. நீ. கேம்ப்ல அஞ்சு நாள் இருக்கணும். உனக்கு ஒண்ணும் வரலைன்னா அப்புறம் கப்பல்."

அஞ்சு நாளா! அதுக்கப்புறம் கப்பல்ல ஏறி, லீவு முடிஞ்சு மொதலாளி கிட்ட இன்னா சொல்றது? குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு. அது பூவம்மாள்.

"இவரு சம்சாரமா? நீங்களும் காஞ்சிபுரம்தானே?"

"இல்லீங்க. ஒரு மாசமா ஆரணியில அம்மா ஊட்டுல இருந்தேன். எங்க ஊட்டுக்காரரு என்னைக் கருடசேவைக்குக் கூட இருக்க உடலை. கூட்டத்துல நசுங்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. இந்தாங்க, ஆரணி சுகாதார இன்ஸ்பெக்டரு எனக்கும் அண்ணனுக்கும் குடுத்த சீட்டு."

டாக்டரு சீட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு.

"பொண்டாட்டியை இப்படிக் காப்பாத்தற புருசனை நான் பாத்ததில்லைய்யா. நீங்க போலாம்மா."

பூவம்மாள் என் கிட்ட வந்து கைய நீட்டினா.

"இன்னா?"

"அந்த மருந்துச் சீட்டு."

குடுத்தேன்.

"கோட்டையும் குடுங்க. மலை ஊருல குளிருமாம். இங்க உங்களுக்கு எதுக்கு?"

"அப்போ நீ மட்டும் போறியா பூவு?"

"டிக்கெட் எடுத்தாச்சே. ரெண்டு பேரும் பாக்காம திரும்பினா நீங்க பத்து நாளு ஒக்காந்து எழுதினது வீணாப் போவாதா?"

ரயிலு கெளம்பிடுச்சு. மச்சான் ஜன்னல்ல கைய ஆட்டினாரு. பூவம்மாள் ஆட்டலை. அவ திட்டத்தைப் படிச்சுக்கினு இருந்தா.

கேம்ப்ல ஒரு கொறையும் இல்லை. சோறு போட்டாங்க, பாய் குடுத்தாங்க. தெனம் காலையில டாக்டரு வந்து நாக்கைக் காட்டச் சொன்னாரு. மத்த நேரம் கடல் பக்கம் போயி ஒக்காருவேன். தூரத்துல ஒரு தீவு தெரிஞ்சுது. தென்னை மரம் கூட தெரிஞ்சுது. அதைப் பாத்து பெருமூச்சு உட்டுக்கினே மூணு நாள் ஓட்டினேன். நாலாவது நாள் காவக்காரன் கிட்ட, "இலங்கை அழகாத்தாம்பா இருக்குது" ன்னேன். "அது பாம்பன், சாமி" ன்னான்.

அஞ்சாம் நாள் மத்தியானம் என்னை உட்டாங்க. வாசல்ல பூவம்மாள் நிக்கறா. மச்சான் யாவாரத்துக்காகக் கொழும்புலயே தங்கிட்டாரு. துணைக்கு ஆரணிக்காரங்க ரெண்டு குடும்பத்தோட திரும்பியிருக்கா. மூஞ்சியில தீவுக் காத்து. கையில ஒரு சின்ன மூட்டை. அவ்ளோதான்.

"கடைக்கெல்லாம் போவலியா?"

"ஒரு கடைக்கும் போவலை."

"வெலை கூடவா கேக்கலை? மெட்ராஸ்ல..."

"மெட்ராஸ்ல கடைக்காரன் சொன்ன வெலைக்கே நீங்க சொம்பைக் கையில எடுத்துட்டீங்க. அதை எறக்கத்தான் சாயங்காலம் வரைக்கும் பேரம் பேசினேன். நீங்க இல்லாததால நிம்மதியா ஊரு பாத்தேன். திட்டம் ரொம்ப நல்லாருந்துச்சுங்க. யானை காலையிலதான் குளிக்குது, அது ஒண்ணுதான் தப்பு. கொஞ்சம் சாப்பாடும் சேத்துக்கினேன்."

எட்டாம் நாள் காஞ்சிபுரம் ஸ்டேஷன்ல எறங்கினோம். தேவகி கார்டுல எழுதினதோட நிறுத்தலை. பூவு போட்ட பதிலைத் தெருவுக்கே படிச்சுக் காட்டியிருக்கா. தெருவே வந்திருந்துது. காசிக்காரன், ரங்கூன்காரன் எல்லாரும். எனக்கு வேர்த்து ஊத்துச்சு. இப்போ இவ வாயத் தொறந்தா நான் மண்டபத்துல நாக்கு நீட்டினது கோபுரம் வரைக்கும் போவும்.

"இன்னா பூவு, இலங்கை எப்படி?" ன்னா தேவகி.

பூவம்மாள் என்னைப் பாத்தா. அப்புறம் தெருவைப் பாத்தா.

"இவரு மட்டும் இல்லேன்னா நான் இலங்கையப் பாத்தே இருக்க மாட்டேன். எல்லாம் இவரு போட்ட திட்டப்படிதான்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. ரங்கூன்காரன் வாயப் பொளந்தான். நான் மீசையத் தடவினேன். அந்த ஒரு நிமிசம் எனக்கு அவளைக் கும்புடணும் போல இருந்துது.

அங்கதான் நிறுத்தியிருக்கணும். எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்த ராத்திரிப் பள்ளிக்கூடத்து தாவீது வாத்தியாரு கூட்டத்தை வெலக்கிக்கினு வந்தாரு.

"துரைக்கண்ணு, உன்னால பள்ளிக்கூடத்துக்கே பெருமைப்பா. வர்ற ஞாயித்துக்கிழமை இலங்கையைப் பத்தி ஒரு மணி நேரம் பேசணும். நோட்டீஸு அடிச்சுடறேன்."

"ஐயா, எனக்கு..."

"நல்லாப் பேசுவாருங்க," ன்னா பூவம்மாள்.

ஊட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திட்டு அவ எதிருல ஒக்காந்தேன்.

"பூவு, சொல்லும்மா. தலைமன்னாருல எறங்கினா மொதல்ல இன்னா தெரியும்?"

"அது பெரிய கதைங்க. எட்டு நாளா ஊடு போட்டது போட்டபடி கெடக்குது. கெணத்துல தண்ணி எறைச்சுக்கினே சொல்ல முடியுமா?"

நான் எறைச்சேன். பன்னெண்டு கொடம் ரொம்பினப்போ கப்பலு கரை சேந்துது. பாத்திரம் வெளக்கினேன், ரயிலு கொழும்புக்குப் போச்சு. துறைமுகத்துக்கு ஒட்டடை அடிச்சேன். கடற்கரைக்கு ரெண்டு கட்டு விறகு பொளந்தேன். நடுவுல நாலு கேள்வி அதிகமாக் கேட்டதுக்கு மாட்டுக் கொட்டாயைக் கழுவினேன். நோட்டீஸு தெருத் தெருவா ஒட்டியாச்சு. சின்ன காஞ்சிபுரத்துலேருந்து கூட ஆளுங்க வர்றாங்களாம்.

இன்னிக்கு வெள்ளிக்கெழமை. நான் இப்போ கண்டிக்குப் பாதி வழியில நிக்கறேன். உரல்ல இன்னும் ரெண்டு படி அரிசி இருக்குது.