சம்பந்தியம்மாளோடு காயலில் இறங்கிய விவரம்

காயல் கரை,
வியாழக்கிழமை, காலை.

மலையூரில் வசிக்கும் மரியாதைக்குரிய மச்சான் அபுந்தியோ அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் ஃபிதென்சியோ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது.

இங்கு நானும், தங்கள் தங்கை ஒப்துலியாவும், தங்கள் மருமகளான என் மகள் நெரெய்தாவும் ஹுகிலா மாதாவின் கருணையால் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக 'நலமாக இருக்கிறோம்' என்று எழுதுவேன். இந்த முறை உயிரோடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், காரணம் கீழே வரும். அங்கு தங்கள் முழங்கால், காப்பித் தோட்டம், கழுதை ஆகிய மூன்றும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் ஊரில் அந்தப் பெரிய பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது. பாறை மேல் நிற்கும் மனிதரிடம் சொல்லக்கூடிய சேதி இல்லை இது.

விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பஸ் ஏற வேண்டாம். பெண் வீட்டுப் பெரியவராக நின்று பேசுவதற்குத் தாங்கள் ஒரு மாதமாக மனப்பாடம் செய்துவரும் பேச்சு அபாரமாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்பதற்குத்தான் எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. நெரெய்தா கட்டிக்கொள்ள ஆசைப்படும் இங்கே வாத்தியார் வேலை பார்க்கும் பையன் எர்மிலோவின் தாயார் எல்பீதியா அம்மாள், செவ்வாய்க்கிழமை மாலை பள்ளத்தாக்கிலிருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, முறைப்படி இரண்டு கூடை முட்டை ரொட்டி, ஒரு கூடை சாக்லேட், என் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, கால் கட்டிய இரண்டு வான்கோழிகள் எல்லாவற்றையும் நம் வீட்டு மேஜையடியில் வைத்து, "ஞாயித்துக்கிழமை உங்க பெரியவர் வந்து பேசட்டும், அதுவரைக்கும் கூடை இங்கேயே இருக்கட்டும்" என்று சொன்னார். அம்மாள் தங்கமானவர். மாவு மில் வைத்து ஒற்றை ஆளாகப் பையனைப் படிக்கவைத்தவர். முகம் மட்டும், யாரோ எடையைக் குறைத்துப் போட்டுவிட்டதைக் கண்டுபிடித்த மாதிரி எப்போதும் இருக்கும். அன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான் சம்பந்தி. ஆனா வாயத் தொறந்தா பொய். அவர் செத்துப் போய்ட்டார்னு டாக்டர் வந்து சொன்னப்போகூட நான் அரை மணி நேரம் நம்பல. அதனால சம்பந்தம் பண்ற வீட்ல எது இல்லாட்டியும் பரவால்ல. பொய் மட்டும் இருக்கக் கூடாது."

நான் சோளரொட்டியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். உடனே அவர், "நீங்க ஏழு பேரைத் தண்ணியிலேர்ந்து காப்பாத்தினீங்களாமே, எர்மிலோ சொன்னான்" என்றார். மச்சான், ஒரு நாள் இரண்டாவது கிண்ணம் மெஸ்கால் சாராயம் உள்ளே போயிருந்தபோது, ஒரு ஜெர்மன்காரரைக் காப்பாற்றியதாக எர்மிலோவிடம் சொன்னது நான்தான். அவன் தன் அம்மாவிடம் சொல்லும்போது அது மூன்றாகியிருக்க வேண்டும், அவர் திருப்பிச் சொல்லும்போது ஏழாகிவிட்டது. எட்டு என்று நான் திருத்தவில்லை, அந்த மட்டில் அடக்கமாகத்தான் நடந்துகொண்டேன். "நான் இந்த வயசு வரைக்கும் வாளிக்கு மேல ஆழமான தண்ணியில கால் வச்சதில்ல. நாளைக்கு நீங்க பக்கத்துல நீந்திக்கிட்டே வந்தீங்கன்னா, நானும் அந்த மின்னுற தண்ணியில ஒரு தடவை இறங்கிப் பாத்துடுறேன்" என்றார். மேஜைக்கு அடியில் ஒப்துலியா என் காலை மிதித்தாள்.

இந்த இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொள்வது நல்லது. எனக்கு நீச்சல் தெரியாது. இருபத்தாறு வருஷமாக இந்தக் காயலில் ராத்திரிப் படகு விட்டு, எத்தனையோ நாட்டுக்காரர்களை "குதிங்க, பயப்படாதீங்க" என்று தண்ணீரில் தள்ளியிருக்கிறேன். நான் குதித்ததில்லை. வழிகாட்டி படகை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு, அந்த விதியைப் போட்டவனும் நான்தான். பகலில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் மட்டும், தீவுக்குப் பக்கத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு மணல்மேட்டில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் கைகளை வீசி நீந்துவதுபோல் நடப்பேன். காயல் தண்ணீர் பகலில் காப்பி நிறம், கழுத்துக்குக் கீழே என்ன நடக்கிறதென்று எனக்கும் மீன்களுக்கும்தான் தெரியும். உங்கள் தங்கைக்குக் கல்யாணமான முதல் வாரமே தெரிந்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலம்கூட, "ஏங்க, தலவலின்னு சொல்லிப் படுத்துக்கங்க. நான் சமாளிச்சுக்கறேன்" என்றாள். கேட்டேனா? பகலில் நடந்தவனுக்கு ராத்திரி நடக்க முடியாதா என்ற துணிச்சல். ராத்திரி இந்தத் தண்ணீரில் எது அசைந்தாலும் மின்னும் என்று இருபத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த எனக்கு, என் காலும் அசையும் என்பது தோன்றவில்லை.

புதன் ராத்திரி நிலா இல்லை, காற்று இல்லை, காயல் ஒளிர்வதற்கு அப்படி ஒரு ராத்திரி வருஷத்தில் நான்கைந்து வந்தால் அதிகம். கரையிலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. அம்மாள் உச்சி முதல் கால்வரை கொசு மருந்தும், அதற்கு மேல் முகக் கிரீமும், எல்லாவற்றுக்கும் மேல் அத்தரும் பூசிக்கொண்டு வந்து நின்றார். மருந்து பட்டால் தண்ணீரில் மின்னும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், பூசியவர்களைக் கழுவாமல் படகில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் படகுச் சங்கத்தின் நிஜமான விதி, இதை நான் போடவில்லை. வேறு வழியில்லாமல் ஒப்துலியா நான்கு வாளி தண்ணீரை அவர் தலையில் கொட்டினாள். "பொண்ணு கேட்டு வந்தவளைக் குளிப்பாட்டி அனுப்புற ஊரை இப்பத்தான் பாக்கறேன்" என்று அம்மாள் சொன்னார். மருந்து போனதும் கொசுக்கள் அவரை மட்டும் தேடி வந்தன. எர்மிலோ தொப்பியால் விசிறிக்கொண்டே இருந்தான், அம்மாள் தன் கன்னத்தில் தானே இரண்டு தடவை அறைந்துகொண்டார். இரண்டு தடவையும் என்னைப் பார்த்துக்கொண்டே அறைந்தார்.

படகை நேராக என் மணல்மேட்டுக்கு ஓட்டினேன். எர்மிலோவும் நெரெய்தாவும் முதலில் குதித்தார்கள், தண்ணீர் நீலமாகச் சிதறியது. அப்புறம் நான் ஏணியில் இறங்கினேன், எனக்குப் பின்னால் படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சம்பந்தியம்மாள் இறங்கினார். தன் விரல்களை விரித்து விரித்துப் பார்த்து, ஒரு சின்னப் பெண் மாதிரி, "ஐயோ, என் கையப் பாருங்க, என் கையப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான், எனக்கே மனசு குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நான் கைகளை வீசி, தலையை உயர்த்தி, கம்பீரமாக அவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தேன். பாதி வட்டத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். குனிந்து பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் என் இரண்டு கால்களும் முட்டி, கணுக்கால், பத்து விரல் உட்பட நீல வெளிச்சத்தில் பளபளவென்று, கடைத்தெருவுக்குப் போகிறவன் கால் மாதிரி நடந்துகொண்டிருந்தன.

"அப்பா, நீங்க நடக்கறீங்க" என்றாள் நெரெய்தா.

"இந்தப் பக்கமெல்லாம் நீச்சல்ங்கறது இதுதானா சம்பந்தி?" என்றார் அம்மாள்.

"இது பழைய முறைங்க. இப்ப யாரும் செய்யறதில்ல" என்றேன் நான். பொய் சொல்லிப் பழகியவனுக்கு வாய் தானாக வேலை செய்கிறது, மச்சான். சொல்லிக்கொண்டே கௌரவமாக நான்கு எட்டு பின்னால் போனேன். மழைக்காலத்தில் காயல் உடைத்துக்கொண்டு கடலோடு சேர்ந்தபோது மணல்மேடும் இடம் மாறியிருக்கிறது, அது எனக்குத் தெரியாது. ஐந்தாவது எட்டுக்குத் தரை இல்லை. உள்ளே போனேன், மேலே வந்தேன், மறுபடி போனேன், கையையும் காலையும் எப்படியெல்லாம் அடிக்க முடியுமோ அப்படியெல்லாம் அடித்தேன். அடிக்க அடிக்க வெளிச்சம். கோயில் திருவிழாவில் விடுகிற வாணவேடிக்கை தோற்றுவிடும் என்று கரையில் நின்று பார்த்த ஒப்துலியா இப்போது சொல்கிறாள். எர்மிலோ கை தட்டினான். "மாமா, இன்னொரு தடவை" என்றான். சாகிறவனை மறுபடி சாகச் சொன்ன மாப்பிள்ளை எனக்குத்தான் வாய்த்திருக்கிறான். நான் கத்தலாம் என்று வாயைத் திறந்தபோதெல்லாம் காயல் உள்ளே வந்தது.

என்னைப் பார்த்துக் கை தட்டாதவர் சம்பந்தியம்மாள் ஒருவர்தான். வாளிக்கு மேல் தண்ணீர் பார்க்காத அந்த அம்மாள், ஒரு கையால் படகைப் பிடித்தபடி, மறுகையால் தோளிலிருந்த சால்வையை உருவி என் பக்கம் வீசினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மாவு மூட்டை இழுத்த கை, ஒரே இழுப்பில் என்னைப் படகோடு மோதவைத்தது. கரையில் இறங்கி, சால்வையைப் பிழிந்துகொண்டே, "ஏழு பேர்" என்றார். அப்புறம், "எனக்கு ஒரு பொய்யன் போதும் சம்பந்தி. ரெண்டாவதைத் தாங்க ஒடம்புல தெம்பில்ல" என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போய்விட்டார்.

இன்று விடியற்காலை வந்து கூடைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். கூடை திரும்பினால் சம்பந்தம் முறிந்தது என்பது அவர்கள் பக்கத்து முறை. நெரெய்தா அழவில்லை, என்னோடு பேசவும் இல்லை, காலையிலிருந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை. நெஞ்சு வலிக்கிறது மச்சான், நிஜமாகவே வலிக்கிறது. ஒரே ஒரு சட்டச் சிக்கல் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஒரு வான்கோழி ராத்திரியே கட்டை அறுத்துக்கொண்டு அலையாத்திக் காட்டுக்குள் ஓடிவிட்டதால், அதை அவர் திருப்பி எடுத்துப் போகவில்லை. வான்கோழி நம் எல்லைக்குள் இருக்கிறவரை பேச்சு முறியவில்லை என்கிறாள் ஒப்துலியா. முறை தெரிந்த தாங்கள்தான் இதற்கு ஒரு தீர்ப்பு எழுத வேண்டும்.

அதோடு இன்னொரு உதவி. தொண்ணூற்றெட்டில் நீங்கள் இங்கே வந்தபோது காயலில் விழுந்ததும், நான் இழுத்துக் கரையில் போட்டதும் ஞாபகம் இருக்கும். அதற்கு நன்றியாகத்தானே வருஷா வருஷம் காப்பிக்கொட்டை அனுப்புகிறீர்கள். 'ஃபிதென்சியோ என்னை நீந்திக் காப்பாற்றினார்' என்று ஒரு சாட்சிக் கடிதம் சம்பந்தியம்மாளுக்கு உடனே எழுதிப் போடுங்கள். தண்ணீர் இடுப்பளவு என்பதை எழுத வேண்டாம். நீங்கள் எழுந்து நின்றிருந்தாலே போதும் என்பதையும், எழுந்து நிற்க முடியாத நிலையில் ஏன் இருந்தீர்கள் என்பதையும் விட்டுவிடலாம். இந்த விவரங்கள் இன்றுவரை உங்களுக்கே தெரியாது என்றால், மன்னிக்கவும். காப்பிக்கொட்டை நன்றாகவே இருக்கிறது.

மாதா உங்கள் முழங்காலையும் என் மகளையும் காக்கட்டும். அண்ணியாருக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, கழுதைக்கு ஒரு தட்டு.

இப்படிக்கு, தரையில் நிற்கும்போது தங்கள் விசுவாசமுள்ள,
ஃபிதென்சியோ

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஏறவும்.

கடிதத்தை மடிக்கும்போது சம்பந்தியம்மாள் வாசலில் நின்றார், வான்கோழியைத் தேடி வந்திருக்கிறார். "யாருக்கு?" என்றார். "மச்சானுக்கு." "என்னப் பத்தியா?" என்று கையை நீட்டினார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுப்படியில் நெரெய்தாவின் கை அப்படியே நின்றது தெரிந்தது. "ஆமாங்க" என்று வந்துவிட்டது. கொடுத்துவிட்டேன். நின்றபடியே முழுவதும் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "எடையைக் கொறச்சுப் போட்ட மாதிரியா இருக்கு என் மூஞ்சி?" என்று கேட்டார். "அதைவிடக் கொஞ்சம் மோசம் சம்பந்தி" என்றாள் உங்கள் தங்கை. சாட்சிக் கடிதம் வரைக்கும் படித்து முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருபது வருஷம் குடும்பம் நடத்தினேன். 'ஆமா எல்பீதியா, நான் சொன்னது பொய்தான்'னு அந்த மனுஷன் ஒரு நாள் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தா போதும், மத்ததெல்லாம் மன்னிச்சிருப்பேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். அப்புறம் எர்மிலோவைக் கூப்பிட்டுக் கூடைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

ஆனால் கல்யாணத் தேதி என் கையில் இருக்கிறது. நான் நீச்சல் கற்றுக்கொண்ட பிறகுதான் சர்ச்சில் சொல்லிவைப்பாராம். "பகல்ல நீங்க நீந்திக் காட்டினா நம்ப மாட்டேன். நிலா இல்லாத ராத்திரியிலதான் பரீட்சை. கால் தெரியணும்" என்கிறார். எனவே சாட்சிக் கடிதம் வேண்டவே வேண்டாம். உங்கள் விஷயத்தையும் படித்துவிட்டதால், நீங்கள் வந்ததும் உங்களையும் ஒரு முறை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார், மாற்றுத் துணி எடுத்து வரவும்.

மத்தியானம் முதல் பாடம் முடிந்தது. நெரெய்தாதான் சொல்லித் தருகிறாள், என்னோடு பேசுகிறாள், அதுவே எனக்குப் போதும். தரையில் கால் படாமல் பத்து நொடி மிதந்தேன்.

சம்பந்தியம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார். இரண்டு நொடி.