டிரான்ஸ்பார்மரை அளந்த விவரம், மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். இரவல் வாங்கிய மீட்டரும் நலம். கதவு மணி மட்டும் நலமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். நீயும் என் பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் போனில் கேட்டாய்: "மாமா, நம்ம வீட்டுப் பழைய ஒலிபெருக்கியில இருக்கிற டிரான்ஸ்பார்மரை அளந்து சொல்ல முடியுமா? கஷ்டம்னா விட்டுடுங்க." ஆயுள் முழுக்க இயற்பியல் நடத்தியவனிடம் இப்படிச் சொன்னால் அவன் விடுவானா? அந்த மாதிரி இப்போது கடையில் கிடைப்பதில்லை, அதை வைத்துத்தான் நீ கணினிக்குள் ஒரு மின்சுற்றை ஓட்டிக் காட்ட வேண்டும், திங்கட்கிழமை அது சரியாக ஓடினால்தான் உனக்கு வேலை நிரந்தரம் என்றெல்லாம் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "சரி மாமா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி. உள்ளே ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது.

முதலில் மின்தடை. முதன்மைச் சுருளின் முனைகளை மீட்டரின் கம்பிகளோடு சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்தேன். இருநூறு ஓம். கையை எடுத்தேன் பார், விட்டது ஒரு உதை. சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால் அது கோபித்துக்கொள்ளும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! சொன்னவன் இப்போது துவைத்த துணிக் கூடைக்குள் உட்கார்ந்திருந்தேன். உன் அத்தை வந்து, நாற்காலியெல்லாம் எதற்கு வாங்கிப் போட்டிருக்கிறது என்று விசாரித்துவிட்டு, கைப்பையின் அறுந்த வாரில் குத்தியிருந்த ஊக்கைக் காணோம், நீங்கள் எடுத்தீர்களா என்றாள். ஊக்கு எனக்கு எதற்கு? வாரில்லாத பையோடு அவள் கடைக்குப் போக, பை சரிந்து தக்காளி தெரு முழுக்க உருண்டதாம். ஒன்று, எனக்கு மீட்டர் கொடுத்த ரேடியோ ரிப்பேர்க்காரரின் காலடியிலேயே போய் நின்றதாம். அவளுக்கு அந்தக் கவலை, எனக்கு இந்தக் கவலை.

அடுத்து, இரண்டு சுருள்களின் சுற்று விகிதம். அதற்குக் கொஞ்சம் மாறுமின்னோட்டம் வேண்டும் என்று கதவு மணிக்கான சின்ன டிரான்ஸ்பார்மரைக் கழற்றினேன். முதன்மைக்குப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன்; மறுபக்கம், துணைச் சுருளில், 0.4 வந்தது. ஆக, முப்பதுக்கு ஒன்று. இதற்குள் மீட்டரைத் திரும்ப வாங்க வந்த ரிப்பேர்க்காரர் வாசலில் மணியை அழுத்தி அழுத்திச் சலித்து, சுற்றிக்கொண்டு வந்து சமையலறை ஜன்னலில் முகத்தைக் காட்ட, அத்தை பதறிப் பால் பாத்திரத்தைத் தட்டிவிட, மிஞ்சிய பாலில் அவருக்கே காபி போட்டு உட்கார வைக்கும்படி ஆகிவிட்டது. அவர் குடித்து முடிப்பதற்குள் மீதியை அளந்தாக வேண்டும்.

இனி கவனமாகக் கேள். துணைச் சுருளின் இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிட்டு முதன்மையை அளந்தால் கசிவு தெரியும். கசிவு என்றால் என்ன? நான் பாடம் நடத்துகிறேன். பின்வரிசைக்குப் போகாமல் பாதி ஜன்னல் வழியாகப் போய்விடுகிறதே, அதுதான். பிறகு அந்த இணைப்பை எடுத்துவிட்டு அளந்தால் முழு இண்டக்டன்ஸ், அதாவது நடத்திய மொத்தப் பாடமும், வரும். இரண்டையும் ஒப்பிட்டால் இணைப்புக் கெழு கிடைக்கும். அதாவது, சொன்னதில் எவ்வளவு பிள்ளைகள் தலையில் ஏறியது என்ற கணக்கு. ஒன்று என்றால் அத்தனையும் ஏறியது. அப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை. பூஜ்யம் என்றால் சுவரோடு பேசியது.

மேசையில் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு கம்பியால் இணைத்து அளந்தேன். 0.18 ஹென்றி. அடுத்து முழுசையும் அளந்தேன். அதுவும் 0.18! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டும் ஒன்றே என்றால் மொத்தப் பாடமும் ஜன்னல் வழியாகப் போய்விட்டது, கெழு பூஜ்யம். ஒரே இரும்பில் சுற்றிய இரண்டு சுருள்கள், ஒன்றோடொன்று பேச்சே கிடையாது. இப்படி ஒன்றை யாராவது பார்த்திருப்பார்களா? கூடத்துக்கு ஓடிப்போய் இருவரிடமும் சொன்னேன்.

"அப்ப இத்தனை வருஷமா அந்தப் பெட்டி எப்படிங்க பாடிச்சு?" என்றாள் அத்தை.

"எல்லாத்தையும் இப்பவே கேட்டா எப்படி?" என்றேன். ரிப்பேர்க்காரர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே தயங்காமல் பூஜ்யம் என்றே போடு. மேலாளர் சிரித்தால் என் பெயரைச் சொல். நிமிர்ந்து நில்.

எங்கள் இருவரின் ஆசியும் கசிவில்லாமல் உங்களை வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: இதைப் படம் பிடிக்க அத்தை டார்ச் அடித்தாள். வெளிச்சம் கொஞ்சம் தள்ளி டிரான்ஸ்பார்மர் மேல் விழுந்தது. "அதோ என் ஊக்கு" என்றாள். துணைச் சுருளின் இரண்டு முனைகளையும் கவ்விக்கொண்டு அது அங்கேயே இருந்தது. முதல் தடவையும் இருந்தது, எடுத்திருக்க வேண்டிய இரண்டாம் தடவையும் இருந்தது. மறுபக்கம் 0.4 வோல்ட் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பேசாத சுருள் அதை எங்கிருந்து கொடுக்கும்? ஊக்கைக் கழற்றி உரியவளிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடி அளந்தேன். ஒன்பது ஹென்றி. ரிப்பேர்க்காரர் சாட்சி, இரண்டாவது காபிக்கு உட்கார்ந்திருக்கிறார். இருநூறு ஓம், முப்பதுக்கு ஒன்று, கசிவு 0.18 ஆகிய மூன்றும் சரி. மேலே உள்ள மற்றதையெல்லாம் மறந்துவிடு. என் பெயரை யாரிடமும் சொல்லாதே. இணைப்புக் கெழுவில் 0.99 என்று போட்டு, திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்.