மூன்றாவது உயிர்

"மூணாவது உயிரைக் கொண்டாந்து காட்டு. இல்லேன்னா விடுதியைக் காலி பண்ணு" என்றார் பிரபுவின் காரியஸ்தர்.

விடுதியை இப்போது நடத்தும் ஹானிபலின் அப்பா டிகரி, தகரச் சுரங்கத்தில் இருமலைச் சம்பாதித்துக்கொண்டு வெளியே வந்து விடுதி தொடங்கியவர். இங்கிலாந்தின் கார்ன்வால் வழக்கப்படி அந்த இடம் மூன்று உயிர்க் குத்தகை. பத்திரத்தில் பெயர் சொன்ன மூவரில் கடைசி ஆள் சாகும்வரை பிரபு இடத்தைத் திரும்பக் கேட்கமுடியாது. முதல் உயிர் டிகரி. இரண்டாவது அவர் தம்பி. இருவரும் கல்லறையில். பத்திரத்தின் இரண்டு பிரதிகளும் வக்கீல் வீட்டுத் தீ விபத்தில் போயின. மூன்றாவது யாரென்று கேட்டால், உயிரோடிருந்தவரை டிகரி சிரிப்பார். பிறகு இருமுவார்.

ஹானிபல் வம்சத்தைத் தேடினான். பாட்டனார்மேல் பாறை விழுந்தது. பெரியப்பா வெடிமருந்தோடு போனார். மாமா ஏணியில் தவறினார். மிஞ்சியவன், செம்பு தோண்ட ஆஸ்திரேலியா போன அத்தை மகன் ஜேபஸ். அவனாகத்தான் இருக்கவேண்டும்.

ஜேபஸுக்கு எங்கே போவது? ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய யூரனுக்குத் தினமும் பீர் ஊற்றி அவனை ஜேபஸாக்கினான். எதைக் கேட்டாலும் "ஆமாம் மச்சான்" என்றான் யூரன்.

ஜேபஸுக்காகக் கல்யாணத் துணியோடு காத்திருந்த தாம்சின் மறுநாளே வந்துவிட்டாள். உற்றுப் பார்த்தாள்.

"மூக்கு மாறிப்போச்சு. பரவாயில்லே. வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம்."

யூரன் பீரைக் கீழே வைத்தான். அவனைக் காப்பாற்ற, ஜேபஸுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு மனைவி உண்டு என்று ஹானிபல் சொல்லிவைத்தான். தாம்சின் சுரங்க வாசலில் தாதுக்கல் உடைப்பவள். சுத்தியலோடு திரும்பி வந்தாள்.

அந்நேரம் பிரபுவின் வண்டியும் வந்து நின்றது. காரியஸ்தர் இறங்கினார். புதிதாகப் பட்டத்துக்கு வந்த இளம் பிரபு இறங்கினார். முப்பது வயதிலும் அவருக்குக் கழுத்துத் துணி சுற்றிவிடும் தாதி லவ்டே பின்னால் இறங்கினாள்.

சுத்தியல் உயர்ந்தது.

"நான் ஜேபஸே இல்லே" என்றான் யூரன். "அவனை என் கையாலதான் புதைச்சேன்."

சுத்தியல் தாழ்ந்தது. பிரபு புன்னகைத்துக் கையை நீட்டினார். ஹானிபல் விடுதிச் சாவியை அதில் வைத்தான்.

லவ்டே பிரபுவின் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

"சாவியைத் திருப்பிக் குடுத்துடுங்க சின்னத்துரை. 'சுரங்கக்காரன் பிள்ளை நாப்பதைத் தாண்டாது, பிரபு வீட்டுப் பிள்ளைதான் கெட்டி'ன்னு குத்தகை எழுதின அன்னிக்கு டிகரி உங்க தொட்டிலைத்தான் காட்டினாரு. விடுதி உங்களுக்குத் திரும்பி வரணும்னா, நீங்க சாகணும்."