தபால் பெட்டிக் கோட்டை

"மாஸ்டர், எனக்கு ரைட்ல திரும்பவே சொல்லித்தர மாட்டீங்களா?" என்று கேட்டார் பல் டாக்டரம்மா.

கேள்வி நியாயமானதுதான். போன வாரம் வரைக்கும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார். இந்த ஒரு வாரமாக வண்டி இடது பக்கம் மட்டுமே திரும்புகிறது. தபால் பெட்டி, அதற்கு எதிரே டாக்டரம்மாவின் கிளினிக், பேக்கரி, பள்ளிக்கூடச் சுவர், பெட்ரோல் பங்க், மறுபடி தபால் பெட்டி.

"லெஃப்ட் முதல்ல நல்லா படியட்டும்மா."

"என் கிளினிக் ஜன்னலையே இன்னிக்கு நாலு தடவை பாத்துட்டேன் மாஸ்டர். தலை சுத்துது."

பின் சீட்டில் டாக்டரம்மாவின் கைப்பை டிர்ர், டிர்ர் என்று அதிர்ந்தது. அவர் கை தானாகப் பின்னால் போயிற்று.

"வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது!" என்று அதட்டினார் மாஸ்டர், மடியிலிருந்த தன் போனைத் தேய்த்துக்கொண்டே.

மனுஷன் பைத்தியமெல்லாம் இல்லை. மனைவி போய் நாலு மாதமாகிறது, அவ்வளவுதான். அவள் காலையில் நடக்கப் போகும்போது தோளில் மாட்டிக்கொள்ளும் பையைத் திறக்கப் போன வாரம்தான் அவருக்குத் தைரியம் வந்தது. உள்ளே ஒரு சின்ன நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டு, 'தபால் பெட்டி, பிடிவாதக்காரி, 70' என்று எழுதியிருந்தாள். அடுத்து 55. அடுத்து 80. கடைசிப் பக்கத்தில், 'பிடிவாதக்காரி, 12'. மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை.

பிடிவாதக்காரி என்ற பட்டம் மாஸ்டர் கொடுத்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட அப்படிக் கூப்பிட்டதுதான் அதிகம். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு விசாரித்தார்.

"அது தெரு விளையாட்டுப்பா. போனைத் தூக்கிப் பிடிச்சா தபால் பெட்டி மேல கோட்டை தெரியும். பிடிச்சவங்க பேரு கொடியில இருக்கும். யாராவது இடிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கும்."

"உங்கம்மா இதெல்லாமா ஆடினா?"

"எங்கிட்டகூட சொல்லலையே! நடக்கப் போறேன்னுதானே சொல்லுவாங்க. அம்மா போனைப் பாருங்க, தெரியும்."

அந்தப் போனில் இருந்ததையெல்லாம் அழித்து மைத்துனிக்குக் கொடுத்து மூன்று மாதமாகிவிட்டது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு, விளையாட்டைத் தன் போனில் இறக்கித் தெருவுக்கு ஓடினார்.

தபால் பெட்டியின் மேல் சிவப்பாக ஒரு கோட்டை நின்றது. உச்சியில் கொடி. கொடியில் 'பிடிவாதக்காரி'. நடுத்தெருவில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பாங்குக் கணக்கிலிருந்தும், மின்சார பில்லிலிருந்தும், வீட்டுப் பத்திரத்திலிருந்தும் அவள் பேரை அவரே கையெழுத்துப் போட்டு எடுத்திருந்தார். எடுக்க விட்டுப்போனது இது ஒன்றுதான். இதையும் விட்டால் ஊரில் அவள் பேர் எங்கேயும் இல்லை.

விளையாட்டில் சேர்ந்தார். சிவப்பா நீலமா என்று கேட்டது. அவளுக்குப் பிடித்தது நீலம். நீலத்தை அமுக்கினார். கோட்டை பலமாகட்டும் என்று பத்துக் கல்லை ஆசை ஆசையாக எறிந்தார். தொண்ணூறாக இருந்த பலம் எண்பதாகிவிட்டது. மறுபடி மகளைப் போனில் கூப்பிட்டார்.

"அய்யோ அப்பா! சிவப்புக் கோட்டைக்குச் சிவப்பு ஆளுங்க கல் போட்டாத்தான் வளரும். நீலம் போட்டா இடியும். நீங்க எதிரி!"

"யாருடி எதிரி? முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவன்டி நான்! சரி, நிறத்தை எப்படி மாத்துறது?"

"ஒருதடவை சேந்தா சேந்ததுதான். பேசாம உங்க நீல ஆளுங்ககிட்ட அதைத் தொடாதீங்கன்னு கேட்டுப் பாருங்க."

மறுநாள் பார்த்தால் கோட்டை மறுபடி தொண்ணூறு. எந்தப் புண்ணியவானோ சரிசெய்திருந்தான். மாஸ்டர் தெருவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து காவல் ஆரம்பித்தது. காலை வகுப்பு முழுக்கத் தபால் பெட்டியைச் சுற்றித்தான்.

அதோடு விட்டிருக்கலாம். மகள் சொன்னது நேற்று ஞாபகம் வந்து, நீல அணிக்கு ஒரு செய்தி போட்டார்: 'நண்பர்களே, தபால் பெட்டிக் கோட்டையை யாரும் தயவுசெய்து தொட வேண்டாம். என்னைப் போன்ற கத்துக்குட்டி எறிந்ததற்கே பத்துக் குறைந்துவிட்டது.'

இப்படி எழுதினால் எவன் சும்மா இருப்பான்?

இன்று ஐந்தாவது சுற்றில் வண்டி வளைந்தபோது தபால் பெட்டியைச் சுற்றி இருபது பேர் போனும் கையுமாக நின்றார்கள். மாஸ்டர் போனைப் பார்த்தார். நாற்பது. இருபத்திரண்டு. பின் சீட்டில் கைப்பை விடாமல் அலறியது.

"ஹாரன் அடிங்கம்மா! அவங்களைக் கலைங்க!"

"எதுக்கு மாஸ்டர்?"

"அடிங்கன்னா அடிங்க!"

ஹாரன் கேட்டு ஒருத்தன் பயந்து வண்டிக்குக் குறுக்கே பாய்ந்தான். மாஸ்டர் தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. அந்தக் குலுக்கலில் அவர் கட்டைவிரல் போனில் அழுந்தி ஒரு கல் பறந்துவிட்டது.

ஒன்று என்றிருந்த பலம் பூஜ்யமானது. கோட்டை பொலபொலவென்று சரிந்தது. கொடி நீலமாக மாறி, அதில் 'மாஸ்டர்' என்று எழுதிக்கொண்டது.

"யாருப்பா அந்த மாஸ்டர்? கலக்கிட்டாருடா!" என்று கூட்டம் கை தட்டியது.

மாஸ்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாலு மாதமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். டாக்டரம்மா பதறி வண்டியை ஓரங்கட்டினார். அதுவும் இடது பக்கம்தான்.

"என்னாச்சு மாஸ்டர்? யாருக்கும் அடிபடலையே!"

நோட்டை எடுத்து நீட்டினார். "என் வீட்டுக்காரி கட்டின கோட்டைம்மா. அவ போயிட்டா. அவ பேரு இது ஒண்ணுலதான் மிச்சமிருந்துச்சு. நானே இடிச்சுட்டேன்."

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

"வெள்ளை ஷூ போட்டு, பச்சைத் தண்ணி பாட்டிலோட வருவாங்களே, அவங்களா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"நாலு மாசமா காணோமேன்னு தினமும் ஜன்னல்ல பாத்துக்கிட்டிருந்தேன் மாஸ்டர்." டாக்டரம்மா பின் சீட்டிலிருந்து கைப்பையை எடுத்து, 'உங்கள் கோட்டை இடிந்தது' என்று காட்டி அதிர்ந்துகொண்டிருந்த போனை அவர் முன்னால் பிடித்தார். "அந்தக் கோட்டை என்னோடது. கொடியில இருந்த பேரும் என்னோடதுதான். ரெண்டு வருஷமா தினமும் வந்து அடிச்சுப்பாத்து, முடியாம, பிடிவாதக்காரின்னு என்னை ஜன்னலைப் பாத்துத் திட்டிட்டுப் போவாங்க. அவங்க நீலம், மாஸ்டர்."