தொண்டை கட்டிய நாள்

காலை ஏழு மணிக்கு மகள் கண்விழித்து, "அம்மா" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு, யாரோ ஆண்பிள்ளை வந்திருக்கிறார் என்று அம்மா வாசல் கதவைத் திறந்து பார்த்தாள்.

பதினோரு மணிக்கு ஒலிப்பதிவு. மூன்று வருடம் அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் நின்று "ஓ... ஓ..." பாடியவளுக்குக் கிடைத்த முதல் தனிப்பாடல் அது. எல்லாம் வந்துவிட்டது. குரல் மட்டும் வரவில்லை.

"நேத்தே சொன்னேன், ஃபேனுக்கு நேரா படுக்காதேன்னு."

"இப்ப அதா முக்கியம்?"

"பேசாதே, இன்னும் கட்டிக்கும்... ஏன்டி பதிலே சொல்ல மாட்டேங்கறே, வலிக்குதா?"

அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். பதற்றத்தில் கை தாராளமாகிவிட்டது. கொப்பளித்ததும் தொண்டை பற்றி எரிந்தது.

"உப்பா? யாராவது உப்புப் போடுவாங்களா?" என்றார் அப்பா. மிளகை இடித்துத் தேனில் குழைத்து அவரே ஊட்டிவிட்டார். பத்து நிமிடம் இருமினாள்.

அதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. அவள் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"ஆவி பிடிக்க வைங்க."

போர்வைக்குள் இருபது நிமிடம். வெளியே வந்தபோது முகம் வெந்திருந்தது. பாட்டின் முதல் வரியைப் பாடிப் பார்த்தாள். துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல இருந்தது.

"பரவாயில்லையே," என்றாள் அத்தை. "காலையில இதுகூட வரலையாமே?"

"காலையில இதைவிட நல்லா இருந்துச்சு அத்தை!"

"கத்தாதே. இப்படிக் கத்திக் கத்தித்தான் கெடுத்து வெச்சிருக்கே."

பதினோரு மணிக்கு, கூடவே வந்த அம்மா ஒலிப்பதிவுக் கூடத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டாள். இவள் மட்டும் உள்ளே போனாள்.

"சார், தொண்டை கொஞ்சம்..."

இசையமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கு விட்டா வேற பொண்ணுதான். பாடறியா, இல்லையா?"

பாடினாள். பல்லவி முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நின்றிருந்தார். போச்சு என்று நினைத்தாள்.

"இந்தக் குரலை இத்தனை நாள் எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தே?"

"சார்?"

"போன வாரம் பாடினியே, அது நல்ல குரல்தான். ஆனா அது தெருவுக்கு நாலு கிடைக்கும். இது யார்கிட்டயும் இல்ல. பல்லவி முடிஞ்சுது. ரெண்டு சரணமும் நாளைக்குக் காலையில. பாட்டை வெளியிடற கம்பெனி முதலாளியே நேர்ல கேட்டுட்டு உன் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடப்போறார். இதே குரல் வேணும், ஒரு இழைகூட மாறக் கூடாது. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதே. வீட்டுலயும்தான்."

"சரி சார்," என்று சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

வாயைக் காட்டி, கையை விரித்தாள்.

"ஐயையோ! குரல் சுத்தமா போயிடுச்சா?"

இல்லை என்று தலையாட்டி, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தாள்.

"அதிர்ச்சியில சிரிக்க வேற செய்யுதே, நான் என்ன பண்ணுவேன்!"

ஃபோனை எடுத்து எழுத ஆரம்பித்தாள். "இந்த நேரத்துலயும் ஃபோனா!" அம்மா அதைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டு, எதிர்ச்சாரியில் இருந்த டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மருந்தை ஊசியில் ஏற்றினார். இவள் இரண்டு கையையும் ஆட்டினாள்.

"சின்ன வயசுலேர்ந்தே ஊசின்னா இப்படித்தான் டாக்டர். நான் பிடிச்சுக்கறேன், நீங்க போடுங்க."

அம்மாவின் பிடி உடும்புப் பிடி. பேசினால் அந்தக் குரல் போய்விடும். பேசாவிட்டால்? அவள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

டாக்டர் பஞ்சை வைத்துத் தேய்த்தபடி அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"கவலையே படாதேம்மா. நாளைக்குக் காலையில உன் பழைய குரல் அப்படியே திரும்பிடும்."