இரண்டு சீட்டுச் சீமாட்டி

நீங்கள் புதுக் கார் வாங்கியிருக்கிறீர்களா? வாங்கிய மறுநாள் காலை உங்கள் வாசலுக்கு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, தேங்காய் வாங்குகிறவர் போல விரல் கணுவால் கதவைத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, "தகரம்" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, நீங்கள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போகிறாரே ஒருவர், அவரைத்தான் சொல்கிறேன். பழைய வண்டிப் பித்தர் என்பது அந்த இனத்தின் பெயர். ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். திருவண்ணாமலை பெரிய ஊர், அதனால் கொஞ்சம் ஜாஸ்தி.

இவர்களிடம் போய் "வண்டி நின்னுபோச்சா?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர்கள் வண்டி நிற்காது. யோசிக்கும். ஓய்வெடுக்கும். வெயிலைப் பார்த்து முறுக்கிக்கொள்ளும். புகை வந்தால் மூச்சு விடுகிறது என்பார்கள். அடியில் எண்ணெய் ஒழுகினால், ஒழுகுகிறது என்றாலே உள்ளே எண்ணெய் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்பார்கள். இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்ல முடியும்?

தேரடித் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பொன்னுசாமி நயினாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தாறு வயது, நெற்றியில் சந்தனம், யார் வம்புக்கும் போகாத மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, மனைவி சுனந்தா நிறத்தைத் தேர்ந்தெடுத்து, மகள் அனுபமா பெயரில் நல்ல நாள் பார்த்து, புதுக் கார் பதிவு செய்யக் கிளம்பினார். கிளம்பியவர் வழியில் கிரிவலப் பாதையில் ஒரு வீட்டு வாசலில் "ஒரு நிமிஷம்" என்று இறங்கினார். அந்த வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பற்றையெல்லாம் அறுக்கவேண்டும் என்று மலையடிவாரத்துக்கு வந்து பதினைந்து வருஷமாக ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தவர். கடைசியாக மிஞ்சியிருந்த பற்று கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நின்றது. சிவப்பு நிறம், மடக்குக் கூரை, ஐம்பது வருஷத்துச் சீமைப் பந்தயக் கார். அன்று சாயங்காலம் வெள்ளைக்காரர் முக்தி அடைந்தார். பற்று தேரடித் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

மூன்று பேர் உள்ள வீடு. வண்டியில் இரண்டு சீட்டு. சுனந்தா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போவதாக உத்தேசம் என்று கேட்டாள். மாற்றி மாற்றிப் போகலாமே என்றார் பொன்னுசாமி, உண்மையிலேயே நல்ல எண்ணத்தோடு.

சீமாட்டி என்று பெயர் வைத்தார். சீமாட்டிக்கு ரிவர்ஸ் கியர் விழாது. மலையைச் சுற்றுகிற ஊரில் ரிவர்ஸ் எதற்கு, கிரிவலம் வருகிறவன் எவனாவது பின்பக்கமாக வருகிறானா என்று கேட்டார். சீமாட்டிக்கு மழை ஆகாது, ஆகவே சீட்டுக்கடியில் இரண்டு குடை. சீமாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் மருந்து கடல் கடந்து வரவேண்டும். மெக்கானிக் குமரேசன் அந்தச் சிவப்பைத் தெருமுனையில் பார்த்தாலே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். கார்த்திகையில் ஊரே திரண்டு தேர் இழுக்கும். மற்ற மாதங்களில் தெருக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகாமல் பொன்னுசாமி பார்த்துக்கொண்டார். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் அல்லவா? மாதத்தில் சுனந்தா நிம்மதியாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

ஓடிய நாட்களும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. விடியற்காலையில் கூரையை மடக்கிவிட்டு அடி அண்ணாமலைப் பக்கம் அவர் ஒரு திருப்பம் திரும்பும்போது டீக்கடையில் இருப்பவர்களெல்லாம் கிளாசோடு எழுந்து நிற்பார்கள். ஐம்பத்தாறு வருஷமாக யாரும் எழுந்து நின்று பார்க்காத மனிதர் அவர். அந்தச் சந்தோஷத்தை எந்தப் புது வண்டி கொடுக்கும், சொல்லுங்கள்.

சுனந்தாவின் தம்பி அர்ஹந்த், மாமாவுக்கு உறைக்கட்டும் என்றே ஒரு புதுக் கார் வாங்கினான். கதவைத் திறந்தால் விளக்கு எரியும். பெல்ட் போடாவிட்டால் பேசும். பொன்னுசாமி தட்டிப் பார்த்தார், தகரம் என்றார்.

"வீட்ல ஒன்ன அதட்ட ஆள் பத்தலையா மச்சான்? காச குடுத்து ஒரு ஆள வாங்கியாந்திருக்க."

"அதட்டுனாலும் போய்ச் சேருது மாமா" என்றான் அர்ஹந்த்.

"போய்ச் சேர்றதுக்கு பஸ் இருக்குது" என்றார் பொன்னுசாமி. இந்த இனத்தாருக்குப் போய்ச் சேருவது ஒரு பொருட்டே அல்ல.

இப்படியே போயிருந்தால் எல்லாம் குடும்பத்துக்குள் கேலியாக முடிந்திருக்கும். அனுபமாவின் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர் அபிஷேக். இருவரும் வேலூரில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், முடிவெல்லாம் அங்கேயே செய்தாகிவிட்டது. தாங்கள்தான் முடிவு செய்தோம் என்று பெரியவர்கள் நம்பவேண்டியது மட்டும் பாக்கி. அதில்தான் சிக்கல். அபிஷேக்கின் அப்பா விருஷபதாஸ் நயினார் நியமம் தவறாதவர். பொழுது சாய்ந்தபின் சமணர்களான நயினார் வீடுகளில் சாப்பிடமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான், ஆனால் இவர் தண்ணீர்கூடத் தொடமாட்டார். பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் எழுந்து போனால் இல்லை என்கிற வழக்கத்திலும் அவர் அரைக்கால் இம்மி விட்டுக்கொடுக்காதவர் என்று பெயர். ஆக, பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குள் அவர் இலையில் உட்காரவேண்டும். இல்லையென்றால் அனுபமாவின் நான்கு வருஷக் காத்திருப்பு, ஒருவர் சாப்பிடாமல் போனார் என்ற காரணத்துக்காக ஊர் வாயில் அரைபடும்.

மாப்பிள்ளை வீட்டாரைத் தன் காரில் அழைத்து வருவதாக அர்ஹந்த் சொன்னான். அபிஷேக்கும் அவன் அம்மா யமுனாவும் அதில் வரட்டும், பெரியவரை நான் கூப்பிட்டு வருகிறேன் என்றார் பொன்னுசாமி. வருங்காலச் சம்பந்தியைத் தகர டப்பாவில் ஏற்றுவது மரியாதையா? சுனந்தா அடுப்படிக்குள் போய்விட்டாள். அனுபமாதான் வாசல்வரை வந்தாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேணாம்ப்பா."

அவள் குரல் அவர் நெஞ்சில் குத்தத்தான் செய்தது. ஆனாலும் போனார். அவர்கள் போய்விடுவார்கள், அதுதான் அந்த இனம்.

விருஷபதாஸ் சீமாட்டியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். பிறகு வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார், ஆமாம், அந்த வண்டியில் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். வழி நெடுக வாய் திறக்கவில்லை. பயந்துவிட்டார் என்று பொன்னுசாமி மெதுவாக ஓட்டினார். அர்ஹந்தின் கார் கடந்து போய் மறைந்தது. பாதி தூரம் வந்திருக்கும், ஒரு வேர்க்கடலைக் கொல்லைப் பக்கத்தில் சீமாட்டி இரண்டு தரம் இருமிவிட்டு யோசிக்க ஆரம்பித்தது.

மணி ஐந்தேகால். எதிரே மலை, மலைக்கு மேலே சூரியன். பொன்னுசாமி சாவியைத் திருப்பினார், வேண்டிக்கொண்டார், மறுபடி திருப்பினார். வாசலில் நின்ற அனுபமாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. முதன்முறையாக அந்த வண்டியை மனதுக்குள் சனியனே என்று திட்டினார். உடனே அதனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போன் போட்டு, ஒரு பத்து நிமிஷம், லேசாக யோசிக்கிறது என்றார்.

வீட்டில் சுனந்தாவுக்குக் கை கால் ஓடவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த யமுனாவிடம் போய் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கி, வண்டி வழியில் நின்றுவிட்டதாம், பழைய வண்டி, மன்னிக்கவேண்டும் என்றாள். யமுனா கோபிக்கவில்லை. பெருமூச்சு விட்டாள்.

"ஒங்க வீட்ல ஒண்ணுதானங்க? எங்க வீட்ல ரெண்டு நிக்குது. மாட்டுக் கொட்டாய காலி பண்ணிட்டு நிறுத்தி வச்சிருக்காரு."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு பார்வையில் ஜாதகம் பார்க்காமலே பொருத்தம் கூடிவிட்டது. "அவரு இனிமே தானா வரமாட்டாரு, நாமதான் போகணும்" என்று யமுனா எழுந்தாள். வடையும் பாயசமும் அவரைக்காய்க் கூட்டும் கேரியரில் ஏறின, இலை ஏறியது, எல்லாரும் ஏறினார்கள். அர்ஹந்தின் கார் ஐந்து பேரையும் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு, பெல்ட் போடச் சொல்லிக்கொண்டே பறந்தது.

அங்கே பார்த்தால், பானெட்டுக்குள் தலையை விட்டபடி இரண்டு வேட்டிகள். விருஷபதாஸுக்கு முழங்கைவரை கரி. பெட்ரோல் வருது, கரண்டுதான் வரல என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது வருகிற வண்டிகளில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடி தவிர என்ன தெரிகிறது என்று பொன்னுசாமி கேட்க, அதைச் சொல்லுங்கள் என்று அவர் ஆமோதிக்க, கடலைக் கொல்லையே அதிர்ந்தது. பொழுதைப் பற்றி இருவருக்கும் ஞாபகமே இல்லை.

சூரியன் மலை உச்சியில் முட்டி, பாதி மறைந்து, முழுதும் மறைந்தது. சுனந்தா கையில் கேரியரோடு அப்படியே நின்றுவிட்டாள். அனுபமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விருஷபதாஸ் தலையை வெளியே எடுத்து வானத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பிறகு ஏக்கத்தோடு எஞ்சினையும் பார்த்தார்.

"மலைக்குப் பின்னால போனா அஸ்தமனம் ஆயிடுமா? பஞ்சாங்கத்துல இன்னும் ஆறு நிமிஷம் இருக்குது. போடும்மா எலய."

முப்பது வருஷமாக யாருக்காகவும் அசையாத நியமம் ஒரு பழைய எஞ்சினுக்காக ஆறு நிமிஷம் வளைந்து கொடுத்தது. ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரில் கை கழுவினார். சீமாட்டியின் முதுகின்மேல் இலை விரித்து, நின்றபடியே அவசர அவசரமாகச் சாப்பிட்டார். கை நனைத்தாகிவிட்டது. சுனந்தா அழுதேவிட்டாள். பொன்னுசாமி நிமிர்ந்து நின்று அர்ஹந்தின் தோளில் கை போட்டார்.

"புது வண்டி எதுக்கு லாயக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது மச்சான். சோறு எடுத்துட்டு வர்றதுக்கு."

அனுபமா சிரித்துக்கொண்டே அபிஷேக்கைத் தேடினாள். அவன் இரண்டு அப்பாக்களும் விட்டுவிட்டு வந்த பானெட்டுக்குள் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சுனந்தாவும் அதைப் பார்த்துவிட்டாள், ஆனால் என்ன செய்வது, கை நனைத்தாகிவிட்டதே.

தை மாதத்தில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. கதை அவ்வளவுதான்.

இப்போது உண்மையைச் சொல்லுங்கள். அனுபமா சந்தோஷமாக இருக்கிறாளா என்று கேட்கத் தோன்றுகிறதா? அப்படியானால் நீங்கள் தப்பித்தீர்கள், தைரியமாகப் போய்ப் புது வண்டி வாங்குங்கள். அது இல்லாமல், அன்றைக்குச் சீமாட்டி அப்புறம் ஸ்டார்ட் ஆனதா, கோளாறு இக்னிஷன் காயிலிலா ஸ்பார்க் பிளக்கிலா என்று நாக்கு நுனிவரை வந்து நிற்கிறதா? வீட்டில் உள்ளவர்களை இப்போதே கூப்பிட்டு உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மனதைத் தேற்றிக்கொள்ள அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.