காப்பு நானாவும் ஒரு துளித் தண்ணீரும்

கண்டியில் உள்ள அத்தனை பெண்களையும் அறிந்திருந்து, ஒருத்தியின் முகத்தைக்கூட அறியாத ஒரே மனிதர் காப்பு நானாதான். வளையலை அவர் காப்பு என்பார்; முஸ்லிம் அண்ணனை எங்கள் ஊரில் நானா என்போம்; அதனால் அந்தப் பெயர். கண்ணாடி வளையல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டுக்கலையிலிருந்து கம்பளை வரை நடப்பார். அந்நியப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பது மரியாதையில்லை என்று குனிந்த தலை நிமிராது. குனிந்த கண்ணுக்கு அகப்பட்டது நகம் மட்டும். முப்பது வருஷம் நகத்தையே பார்த்தவர், பாதி வைத்தியராகிவிட்டார்.

ஒருமுறை கம்பளை ஸ்டேஷனில் சொந்தத் தங்கச்சியே எதிரில் நின்று சிரித்தாளாம். "யாருட மகள் நீங்க?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாராம். அவள் கையை நீட்டித் திட்டிய பிறகுதான், "அடி, நம்மட பாத்தும்மா! நகம் வெளுத்துப் போய் ஈக்கே, ஒழுங்காத் திங்கிறல்லயா?" என்றாராம்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கரின் மனைவி ஒருவர் இருந்தார். அவருடைய விரல்களைப் பார்த்துவிட்டு நானா, "முதல்ல கீரை தின்னுங்க" என்றார்.

"நீங்கள் காப்பு விக்க வந்தனீங்களோ, கீரை விக்க வந்தனீங்களோ?"

"கீரை திங்காட்டி காப்பும் விக்க மாட்டேன்."

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான், என் மனைவி பாக்கியத்தின் வளைகாப்பு வரும்வரை.

அவளுக்கு ஏழாம் மாதம். கூடம் நிறையப் பெண்கள். நானா அவள் விரலைத் திருப்பிப் பார்த்தார். செம்பிலிருந்து ஒரு துளித் தண்ணீர் எடுத்து நகத்தில் விட்டார். துளி ஓடவில்லை. கிண்ணத்தில் ஊற்றியதுபோல் நகக்குழியில் அசையாமல் நின்றது. நானா பெட்டியை மூடினார்.

"கரண்டி நகம். உடம்புல ரத்தம் இல்ல. காப்பு போட மாட்டேன்."

என் மாமியார் குதித்தார். "நல்ல நேரம் போகுது நானா! வளையல் போடாம எந்திரிச்சா சகுனம் என்னாகுறது?"

"சகுனமா பிள்ள பெறப் போகுது? இவதானே பெறணும்! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. நம்மட மச்சான்ட கடையில ஈரல் வாங்குங்க, முருங்கை இலை ஆக்குங்க. ஒன்பதாம் மாசம் வாறேன்."

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பயப்படுவதில் மட்டும் மேல்படிப்புப் படித்தவன். என் நகத்திலும் துளி விட்டுப் பார்த்தேன். நிற்காமல் ஓடியது. ஓடுவது எந்த நோயோ என்று அதற்கும் பயந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் பாக்கியத்தின் கீழிமையை இழுத்துப் பார்த்து, நானா சொன்னதையே சொன்னார். பல்லைக் கறுப்பாக்கும் இரும்பு மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். பிரசவம் தாங்குமா என்று கேட்டேன். "நல்லாச் சாப்பிடக் கொடு" என்றாரே தவிர, ஆம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து ஈரலும் முருங்கையிலையும்தான். பாக்கியம் முகத்தைச் சுளித்தால் நான் அழத் தொடங்கிவிடுவேன். அதற்குப் பயந்தே தின்றாள்.

ஒன்பதாம் மாதம் நானா வந்தார். நக நுனியில் விட்ட துளி நின்றது. அடியில், புதிதாக முளைத்த இடத்தில் விட்டது வழுக்கி ஓடியது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று இரண்டு கையும் நிறையக் காப்பு அடுக்கினார்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம்.

நாற்பது நாள் கழிந்து, கறுப்பு வளையலோடு நானா குழந்தையைப் பார்க்க வந்தார். பாக்கியம் செம்பை எடுத்தாள்.

"முதல்ல உங்க கையைக் காட்டுங்க நானா."

நானா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "என்ட கையில என்ன ஈக்கி?"

"காட்டாட்டி என் மக கையும் நீளாது."

நீட்டினார். பாக்கியம் துளி விட்டாள். கிண்ணத்தில் நின்றதுபோல் நின்றது. ஊரார் நகத்தையெல்லாம் பார்த்த மனிதரின் நகத்தை யாருமே பார்த்திருக்கவில்லை.

பாக்கியம் உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். "உங்க மச்சான் கடை ஈரல்தான். சாப்பிடுறீங்களா, உங்க பெட்டியை நான் மூடட்டுமா?"

முதல் பிடி வாய்க்குள் போனதும், இனி இவள் அந்நியமில்லை என்பதுபோல் நானா மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"ஓ, பாக்கியம்ட முகம் இதுதானா!" என்றார்.